செங்கல் அடிக்காத கோல்

நாட்டுக்காக நூற்றுப் பதினேழு ஹாக்கி ஆட்டம் ஆடிய ஒருத்தியைப் பார்த்தால் நியாயமாக எத்தனையோ கேள்வி கேட்கலாம். எந்தெந்த ஊருக்குப் போனாய், விமானத்தில் ஜன்னல் ஓரம் கிடைத்ததா, முழங்கால் இன்னும் மடங்குகிறதா என்று கேட்கலாம். யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிலிருந்து மேடையில் மாலை போடும் அமைச்சர் வரை எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "எத்தனை கோல் அடிச்சிருக்கீங்க?"

செங்கல் என்று எல்லோரும் கூப்பிடும் அவள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லைங்க" என்பாள். கேட்டவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். விருந்துக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார். "கோல் அடிக்கிறது என் வேலை இல்லைங்க, கோல் விழாம பாத்துக்கறதுதான் என் வேலை" என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் அவர் பஸ் ஏறியிருப்பார்.

அவர் காது கொடுத்துக் கேட்காததை நானாவது சொல்லிவிடுகிறேன். ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்று ஒரு தண்டனை உண்டு. தடுக்கும் அணியில் ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மற்றவர்களை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிடுவார்கள். எதிரணியில் ஒருத்தி ஓரத்திலிருந்து பந்தைத் தள்ளுவாள். இன்னொருத்தி நிறுத்துவாள். மூன்றாமவள் அதை மட்டையால் வாரி எடுத்துச் சுழற்றி எறிவாள். கல்லைப் போலக் கனக்கும் பந்து, நெடுஞ்சாலையில் போகும் கார் வேகத்தில் வரும். புத்தியுள்ளவர்கள் விலகி நிற்க வேண்டிய இடம் அது. அந்த நேரம் பார்த்து, கோட்டிலிருந்து கிளம்பி, எறிகிறவளை நோக்கி நேராக ஓட ஒருத்தி வேண்டும். முகத்தில் ஒரு மூடி, கையில் ஒரு மட்டை, மற்றதெல்லாம் சொந்த உடம்பு. பதினொரு வருடமாக அந்த ஒருத்தி செங்கல்தான்.

அடி வாங்குவதிலும் விதி இருக்கிறது. கிட்டே ஓடி வருகிறவளுக்கு முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் எதிரணிக்கு இன்னொரு பெனால்டி கார்னர். முழங்காலுக்கு மேலே பட்டால், ஆபத்தாக அடித்தாய் என்று சொல்லி நடுவர் பந்தை நம்மிடம் கொடுத்துவிடுவார். செங்கல் முழங்காலுக்கு நாலு விரல் மேலே வாங்குவதில் கைதேர்ந்தவள். அவளுடைய வலது தொடை பச்சை, நீலம், மஞ்சள் என்று வருடம் முழுவதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். மைதானத்தில் இருபதாயிரம் பேர் இருந்தாலும் இதற்கெல்லாம் ஒருவரும் கை தட்ட மாட்டார்கள். கோல் விழவில்லை, அவ்வளவுதானே என்று இருந்துவிடுவார்கள்.

இந்த வேலைக்கு அவள் வந்து சேர்ந்ததே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டுதான். அம்மா தையல்காரி. பள்ளிக்கூட ஹாக்கி அணிக்குப் பாவாடை தைத்து முடித்து, "கொண்டுபோய்க் குடுத்துட்டு நேரா வீட்டுக்கு வா" என்று பன்னிரண்டு வயதுப் பெண்ணை மைதானத்துக்கு அனுப்பினாள். அந்தப் பெண் போய் நின்ற இடம், போயும் போயும், கோலுக்கு முன்னால். தூரத்திலிருந்து ஒரு பந்து பறந்து வந்தது. அங்கே நின்றவர்கள் எல்லாம் சிதறி ஓடினார்கள். இவள் மூட்டையை முன்னால் பிடித்தாள். பந்து மூட்டைக்குள் புதைந்து விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே. பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார். "ஏய், விலகு! விலகி நில்லு!"

"விலகினா பின்னால போயிடுமே சார்" என்றாள் இவள்.

"இது பொண்ணா, செங்கலா?" என்று அவர் தலையில் கை வைத்தார். பெயர் அன்று ஒட்டியது. பதினாறு பாவாடையையும் அம்மா மறுபடி துவைத்துத் தேய்த்தாள். அன்று தொடங்கிய திட்டை அவள் இன்னும் நிறுத்தவில்லை.

அம்மாவுக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்று. "எல்லாரும் பந்து இல்லாத பக்கமா நிக்கிறாங்க. நீ மட்டும் ஏன்டி பந்து வர்ற வழியில போய் நிக்கிற?" எத்தனை தடவை விளக்கினாலும் அவள் சமாதானம் ஆகவில்லை. ஒரு தடவை யாரிடமும் சொல்லாமல், மகளின் உள் டிரவுசர் அத்தனையிலும் தலையணைப் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டாள். வெளிநாட்டில் போய்ப் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வேறு உடுப்பு கிடையாது. நாட்டின் கொடி ஏற, தேசிய கீதம் ஒலிக்க, செங்கல் மெத்தைக் கடையிலிருந்து தப்பி வந்தவள் போல நின்றாள். குனிய முடியவில்லை. முதல் பாதி முழுவதும் ரோபோ மாதிரி ஓடினாள். ஆனால் அன்று அடி வலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கணவர் கிடைத்ததும் பந்தின் புண்ணியம். இருபத்து நாலு வயதில் ஒரு பந்து முகமூடியின் ஓரத்தில் பட்டுக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பெயர்த்தது. பல் மருத்துவமனையின் பின்னறையில் பல் செட் செய்பவர் ஒருவர் இருந்தார். வாயில் ஈரமான மாவைத் திணித்து அச்செடுத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது" என்றார். அந்த ஐந்து நிமிடமும் அவரே பேசினார். வாய்க்குள் போட்டுக்கொள்ளும் பல் காப்பை நானே செய்து தருகிறேன் என்றார். வருடத்துக்கு ஒரு தடவை புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். மூன்றாவது வருடம் இருவீட்டாரும் பேசி முடித்தார்கள். பலர் கண்ணைப் பார்த்துக் காதலிப்பார்கள்; இவர் கடைவாய் வரை பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னல். மூன்று நாளாகத் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீரில் புழு பார்த்தவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று கேட்பவர்கள் எல்லோரும் அந்த ஜன்னல் வழியாகத்தான் கத்துவார்கள். வேறு யார் உட்கார்ந்தாலும் ஒரு மாதத்தில் மாற்றல் கேட்டு மனு எழுதுவார்கள். செங்கல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மேலாளர் பூரித்துப்போனார். ஒவ்வொரு சுற்றுப்பயணம் முடிந்து வரும்போதும் அவர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். "என்னம்மா, இந்தத் தடவையாவது?"

"இல்ல சார்."

"சரி விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார், என்னவோ தானும் கூடவே ஓடப்போகிறவர் போல.

கோலுக்குக் கிட்டே போகாமலும் இல்லை. அறுபதாவது ஆட்டமோ என்னவோ, தூரத்தில் நின்று ஒரு பந்தை ஓங்கி அடித்தாள். நேராகப் போய் வலையில் விழுந்தது. செங்கல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பாதி மைதானம் ஓடினாள். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருத்தியும் வரவில்லை. கோலைச் சுற்றிப் போட்டிருக்கும் அரைவட்டத்துக்குள் இருந்து அடிக்கும் அணிக்காரி ஒருத்தி தொட்டால்தான் அது கோல். இவள் அடித்தது வெளியிலிருந்து. இதைச் சின்னப் பிள்ளைகள் கூட அறிவார்கள், செங்கலும் அறிவாள், சந்தோஷத்தில் மறந்துவிட்டாள். அதே நேரத்தில் டிவி முன்னால் குதித்த கணவர், ஒரு பெரியவருக்காகச் செய்து வைத்திருந்த மேல்வரிசைப் பல்லை மிதித்து உடைத்தார். அந்தப் பெரியவர் இன்னும் இரண்டு வாரம் கஞ்சி குடிக்க வேண்டியதாயிற்று.

இனி, அவள் யாருக்கும் சொல்லாத ஒன்று. வெளியூர் ஓட்டல்களில், கூட இருப்பவள் குளிக்கப் போனதும், செங்கல் கண்ணாடி முன்னால் நிற்பாள். கோல் அடித்தால் என்ன செய்வது என்று பழகுவாள். கையைத் தூக்குவதா, முழங்காலில் சறுக்குவதா, ஒன்றும் நடக்காதது போல அமைதியாகத் திரும்பி நடப்பதா? அமைதியாக நடப்பதுதான் அவளுக்குப் பிடித்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் கட்டிலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவது போலப் பாவனை செய்வாள். முப்பத்து நாலு வயது வரை இப்படியே போயிற்று.

முப்பத்து நாலில் புதுப் பயிற்சியாளர் வந்தார். எப்போதும் மடியில் லேப்டாப். நல்ல மனிதர்தான், நெஞ்சில் ஒன்று வைத்துக்கொண்டு வாயில் ஒன்று பேசத் தெரியாதவர். "அக்கா, உங்க முதல் அஞ்சு அடி ஓட்டம் போன வருஷத்தை விட மெதுவாயிடுச்சு. இந்தத் தொடரோட முடிச்சுக்கலாமா?" என்று அவளிடம் படம் போட்டுக் காட்டினார். படத்தில் ஒரு கோடு சரிந்துகொண்டே போனது. அதில் வாதாட ஒன்றும் இல்லை.

கடைசி ஆட்டம் சொந்த ஊரிலேயே அமைந்தது. வந்திருந்த அணியும் இவர்களும் ஆளுக்கு ஒரு ஆட்டம் வென்றிருந்தார்கள். இதில் ஜெயிக்கிறவர்களுக்குத்தான் கோப்பை. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அம்மாவும் மைதானத்துக்கு வந்தாள். "பெத்த பொண்ணு அடி வாங்குறத டிக்கெட் எடுத்து வேற பாக்கணுமா?" என்று அதுவரை மறுத்தவள். மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு, பந்து இவர்கள் கோல் பக்கம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து நிமிடம் மீதி இருக்கையில் இவர்கள் இரண்டுக்குச் சைபர் என்று முன்னால் இருந்தார்கள். அப்போது கேப்டன் ஓரத்துக்கு ஓடிப்போய்ப் பயிற்சியாளரிடம் என்னவோ சொன்னாள். அவர் லேப்டாப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கேப்டன் திரும்பி வந்து செங்கலின் தோளைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க முன்னால போங்க. அவங்க கோல்கிட்டயே நில்லுங்க. பந்து வரும்."

"நான் எதுக்குடி அங்க? கோல் அடிக்கிறது என் வேலை இல்ல."

"தெரியும் அக்கா. போங்க."

ஹாக்கியில் ஆஃப்சைடு கிடையாது. யார் வேண்டுமானாலும் எதிரணிக் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நிற்கலாம். செங்கல் போய் நின்றாள். பதினொரு வருடமாக ஐந்து நாடுகளில் எதிரும் புதிருமாக நின்று பழகிய எதிரணிக் கோல்கீப்பர், கவசத்துக்குள்ளிருந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வழி தப்பி வந்துட்டியா?" என்று இருவருக்கும் தெரிந்த அரைகுறை மொழியில் கேட்டாள்.

"அனுப்பிட்டாங்க" என்றாள் செங்கல்.

அதற்குப் பின் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்து கிடைத்த ஒவ்வொருத்தியும் தலையைத் தூக்கி "அக்கா எங்கே?" என்று தேடினாள். தானே அடித்தால் கோல் என்ற இடத்திலும் அடிக்காமல் இவளுக்குத் தள்ளினார்கள். முதல் பந்து கால் நடுவே போயிற்று. இரண்டாவதை இவள் ஓங்கி வீசினாள். மட்டை காற்றை மட்டும் அடித்தது. எதிரணிக்குச் சூது புரிந்துபோய் இவளைச் சுற்றி மூன்று பேரை நிறுத்தினார்கள். இதற்குள் பின்னால் செங்கல் நிற்க வேண்டிய இடம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அந்த வழியாக ஒருத்தி சாவகாசமாக நடந்து போய் ஒரு கோல் போட்டுவிட்டு வந்தாள். இரண்டுக்கு ஒன்று. பயிற்சியாளர் லேப்டாப்பை மூடினார்.

இரண்டு நிமிடம் மீதி. ஓரத்தில் ஓடுகிறவள் ஒருத்தி உண்டு, மின்னல் என்பார்கள். அவள் மூன்று பேரைத் தாண்டினாள். கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து விழ, அவளையும் தாண்டினாள். எதிரே திறந்து கிடக்கிறது கோல். கம்பத்தின் ஓரமாக, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், செங்கல் நிற்கிறாள். மின்னல் வேண்டுமென்றே மெதுவாக, தரையோடு, கோலுக்கு நேராக உருட்டிவிட்டாள். செங்கல் தொட்டால் செங்கலின் கோல். தொடாவிட்டால் மின்னலின் கோல். மூன்றாவதாக ஒரு வழி உலகத்தில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செங்கல் பந்தைப் பார்த்தாள். பந்து வருகிறது. பின்னால் கோல் இருக்கிறது. அவள் முழங்கால் தானாக மடங்கியது, மட்டை தானாகத் தரையோடு படுத்தது. டக் என்று கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே பந்தை நிறுத்தினாள். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் படம் போடத் தக்க தடுப்பு. அதோடு விட்டாளா? நிறுத்திய பந்தை என்ன செய்ய வேண்டுமோ அதையும் செய்தாள். ஆபத்தில்லாத பக்கமாக, ஓரக் கோட்டைப் பார்த்து, பலமாக ஓங்கி அடித்து விரட்டினாள்.

விழுந்து கிடந்த கோல்கீப்பர் எழுந்து உட்கார்ந்து அவளை ஏதோ அதிசயம் போலப் பார்த்தாள். "நன்றி" என்றாள். அப்போதுதான் செங்கலுக்குத் தான் எந்தக் கோலுக்கு முன்னால் நிற்கிறோம் என்பது உறைத்தது.

நினைத்து நிற்க நேரமில்லை. அவள் விரட்டிய பந்து நேராக எதிரணிக்காரி ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் ஆளில்லாத மைதானத்தில் பறந்தாள். அந்தப் பக்கம் யாரோ காலால் தடுத்துத் தொலைக்க, நடுவர் விசில் அடித்துக் கையைக் காட்டினார். பெனால்டி கார்னர். கடிகாரத்தில் ஒன்பது நொடி.

செங்கல் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடினாள். அங்கே அவளுடைய இடத்துக்கு வரப்போகும் புதுப்பெண் முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தாள். "அதை இங்க குடு" என்றாள் செங்கல். புதுப்பெண் மறு பேச்சுப் பேசாமல் கொடுத்தாள்.

ஓரத்தில் பந்து அசைந்தது. செங்கல் கிளம்பினாள். கோடு சரிந்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்களே, அந்தக் கால்கள்தான். ஐந்தாவது அடியில் எறிகிறவளின் கண் தெரியும் தூரத்தில் இருந்தாள். பந்து வந்த சத்தம் கேட்கவில்லை. பட்ட சத்தம் மைதானத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முழங்காலுக்கு நாலு விரல் மேலே. அவள் மடிந்து உட்கார்ந்தாள். நடுவரின் கை இவர்கள் பக்கம் நீண்டது. பந்து நமக்கு. ஒன்பது நொடி ஓடி முடிந்தது. கோப்பை கிடைத்தது.

பேட்டி எடுப்பவர் மைக்கை நீட்டினார். தொடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவங்க கோலுக்குப் போற பந்த நீங்க ஏன் தடுத்தீங்க?"

"பந்து கோல் பக்கம் வந்துச்சு. நான் அங்க இருந்தேன்" என்றாள் செங்கல். வேறு காரணம் அவளுக்கே தெரியவில்லை.

வைத்திய அறையில் அவளைப் படுக்க வைத்துத் தொடையில் ஐஸ் மூட்டை கட்டினார்கள். அணிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கட்டிப்பிடித்துவிட்டு, வெளியே போய்ச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கதவைத் தாண்டி உள்ளே கேட்டது. அவளும் சிரித்தாள். மின்னலிடம், "மன்னிச்சுக்கடி, உன் கோலையும் கெடுத்துட்டேன்" என்றாள். கணவர் வந்து, "வாயைத் திற, பல்லு சரியா இருக்கா பாப்போம்" என்றார். பல் சரியாக இருந்தது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அவர் வெளியே போனார்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "பந்த ஒரு சாண் பின்னால தள்ளியிருந்தா போதும், இல்ல?" என்றாள்.

"ஆமாம்மா. ஒரு சாண்."

பந்து பட்டு எத்தனையோ தடவை விழுந்து எழுந்தவள், பல் போனபோது கூட அழாதவள், அப்போது அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, குலுங்கிக் குலுங்கி அழுதாள். "எனக்கு ஒரே ஒரு கோல் வேணும்னு இருந்துச்சும்மா. என் வேலை இல்ல, என் வேலை இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தேன். வேணும்னுதான் இருந்துச்சு. அதை நானே தடுத்துட்டேன்."

"எல்லாம் தெரியும்டி" என்றாள் அம்மா. "அந்தப் பந்து அப்படியே உள்ள போக நீ பாத்துட்டு நின்னிருந்தா, நம்ம பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு அங்கயே கத்தியிருப்பேன்."

செங்கல் அழுகைக்கு நடுவே ஏறிட்டுப் பார்த்தாள். அம்மாவுக்கும் கண் நிறைந்திருந்தது. ஆறுதலாக மகளை ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியது வலது தொடையில், முழங்காலுக்கு நாலு விரல் மேலே.

செங்கல் போட்ட கூச்சலில், தண்ணீரோடு உள்ளே வந்த கணவர் டம்ளரைக் கீழே போட்டார்.